அத்தியாயம் 8: மூடும் வேலையைப் பிள்ளை கிளாஸ் ஏற்கும்போது

பெரணமல்லூரிலும் ஆரணியைச் சுற்றியுள்ள மற்றப் பட்டு நெசவு ஊர்களிலும் கணக்கு தராசில்தான் தொடங்குகிறது. கூலிக்கு நெய்பவருக்குப் பாவும் ஊடைப் பட்டும் எடை போட்டுத் தரப்படும். ஜரிகை மார்க் கணக்கில் போகும்; ஒரு மார்க் 242 கிராம். புடவை அறுத்து வந்ததும் அதுவும் தராசில் ஏறும், மிச்சப் பட்டும் ஏறும். ஜரிகையில் வெள்ளி இருப்பதால் கிராம் பிசகினால் காசு பிசகும். இப்படிப் பட்டு தந்து நெய்யவைக்கும் ஒரு கடையின் மேஜைக் கணினியில், மின்னணுத் தராசு காட்டும் எடையைத் தானே வாங்கிப் பதியும் நிரல் ஒன்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயத்துக்கு அந்தக் கற்பனை நிரல்தான் எடுத்துக்காட்டு.

நிரல் சி ஷார்ப் மொழியில் எழுதப்பட்டது. 'தராசு' என்பது தாய் கிளாஸ். ஆர்எஸ்-232 கம்பி வழியாக வரும் எடையைப் படிக்க அது கணினியின் சீரியல் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறது. அதிலிருந்து பிறந்த 'பட்டுத் தராசு' கிளாஸ், ஒவ்வொரு எடையையும் அன்றைய பதிவுக் கோப்பில் ஒரு வரியாக எழுதுகிறது. தாயிடம் டிஸ்போஸ் என்ற மெத்தட் இருக்கிறது; வேலை முடிந்ததும் போர்ட்டை மூடுவது அதன் பொறுப்பு. பிள்ளைக்கும் மூட வேண்டியது ஒன்று உண்டு, பதிவுக் கோப்பு. ஆகவே நிரலாளர் டிஸ்போஸை ஓவர்ரைடு செய்து, கோப்பை மூடும் வரியை அதில் எழுதுகிறார். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்தால் எடை பதிவாகிறது, கோப்பும் ஒழுங்காக இருக்கிறது.

கோளாறு கடையில் தெரியும். எடை போடும் ஜன்னலை மூடிவிட்டு, அடுத்த நெசவாளர் வந்ததும் மறுபடி திறந்தால், போர்ட்டுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று நிரல் நின்றுவிடும். விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரே சமயத்தில் இரண்டு முறை திறக்க முடியாது. முதல் 'பட்டுத் தராசு' ஆப்ஜெக்ட் அதை இன்னும் விடவில்லை. இதில் எரிச்சலான விஷயம், சில நேரம் எல்லாம் சரியாகவே நடக்கும் என்பது. கைவிடப்பட்ட ஆப்ஜெக்ட்களைக் குப்பை சேகரிப்பான் எப்போதாவது வந்து கூட்டும்போது போர்ட்டும் விடுபடும். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் காலையில் ஓடிய நிரல் மதியம் ஓடாது. கடைக்காரர் தராசைச் சந்தேகிப்பார், கம்பியை மாற்றுவார், கணினியை அணைத்துப் போடுவார். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பதால் உண்மையான காரணம் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும்.

காரணம் ஒரு வரி. பிள்ளையின் டிஸ்போஸ், தாயின் டிஸ்போஸைக் கூப்பிடவில்லை.

ஓவர்ரைடு பற்றிய பாடங்களில் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வேறு வகை. 'வடிவம்' என்ற தாய்க்கு 'வட்டம்', 'சதுரம்' என்று பிள்ளைகள். பரப்பளவைக் கணக்கிடும் மெத்தட்டை ஒவ்வொரு பிள்ளையும் தன் வழியில் எழுதும். அங்கே தாயின் வழி தேவையே இல்லை, பிள்ளை அதை முழுக்க மாற்றிவிடலாம். மூடும் மெத்தட் அப்படிப்பட்டதல்ல. தாய் திறந்ததைத் தாய்தான் மூட முடியும். பெரும்பாலும் அது தாயின் அந்தரங்கப் புலத்தில் இருப்பதால் பிள்ளையின் கண்ணுக்கே தெரியாது. இங்கே ஓவர்ரைடு என்றால் தாயின் வேலையோடு தன் வேலையையும் சேர்ப்பது. தாயின் பங்கை நடத்திவைப்பது மொழியா, நிரலாளரா என்பதில்தான் மொழிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி மாணவர் இந்த முரண்பாட்டை இரண்டே ஆண்டுகளில் கடக்கிறார். பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகம் இனக்குழுவையும் (கிளாஸ்) பொருளையும் (ஆப்ஜெக்ட்) சி++ வழியாகக் கற்பிக்கிறது. ஆக்கியும் (கன்ஸ்ட்ரக்டர்) அழிப்பியும் (டிஸ்ட்ரக்டர்) அங்கேதான் அறிமுகம். பிளஸ் டூவில் மொழி பைத்தானாக மாறுகிறது. அழிப்பியும் இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே 'டெல்' என்று வேறு பெயரில் வருகிறது. பெயர் மாறியதை எல்லோரும் கவனிப்பார்கள். நடத்தை மாறியது அவ்வளவாகக் கண்ணில் படாது. சி++ மொழியில் பிள்ளையின் அழிப்பி முடிந்ததும் தாயின் அழிப்பி தானாகவே ஓடும், கட்டிய வரிசைக்கு நேர்த் தலைகீழாக. நிரலாளர் கூப்பிட வேண்டியதில்லை. பைத்தானில் பிள்ளை தனக்கென்று ஒரு 'டெல்' எழுதிவிட்டால் தாயின் 'டெல்' ஓடாது. சூப்பர் மூலம் அதை நேரடியாகக் கூப்பிட்டால்தான் உண்டு. சி++ பழக்கத்தோடு பைத்தானுக்கு வருபவர், மொழி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி அந்த வரியை விட்டுவிட எல்லா வாய்ப்பும் உண்டு.

மற்ற மொழிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஸ்விஃப்ட்டில் தாயின் 'டிஇனிட்' தானாக ஓடும். அதன் முன்னோடியான அப்ஜெக்டிவ் சி மொழியில் பல காலம் 'டீஅலாக்' மெத்தட்டின் கடைசி வரியாகத் தாயைக் கூப்பிடுவது நிரலாளரின் கடமையாக இருந்தது. 2011இல் தானியங்கி நினைவக எண்ணிக்கை வந்தபின் கம்பைலரே அதைச் செய்கிறது, கையால் எழுதினால் பிழை என்கிறது. பிஹெச்பியில் தாயின் அழிப்பியை வெளிப்படையாகக் கூப்பிட வேண்டும். ஜாவாவில் 'குளோஸ்' மெத்தட்டுக்கும் அதே விதி. சி ஷார்ப் இதில் ஒரு விசித்திரம்: குப்பை சேகரிப்பான் கூப்பிடும் ஃபைனலைசர் என்ற மெத்தட்டை எழுதினால் தாயின் ஃபைனலைசரைக் கூப்பிடும் ஏற்பாட்டைக் கம்பைலரே சேர்த்துவிடுகிறது, டிஸ்போஸ் எழுதினால் சேர்ப்பதில்லை. ஒரே கிளாஸில் பக்கத்துப் பக்கத்து மெத்தட்களுக்கு இரண்டு நியாயம்.

தானாக நடக்கும் மொழி என்பதால் சி++ பக்கம் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே குழி வேறு இடத்தில் இருக்கிறது. 'தராசு' வகைச் சுட்டியில் 'பட்டுத் தராசு' ஆப்ஜெக்ட்டை வைத்து, அந்தச் சுட்டி வழியாகவே டெலீட் செய்கிறோம். தாயின் அழிப்பி விர்ச்சுவல் என்று அறிவிக்கப்படாவிட்டால், அதன் பிறகு என்ன நடக்கும் என்று மொழியின் தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை. நடைமுறையில் பல நேரம் தாயின் அழிப்பி மட்டும் ஓடி, பிள்ளையின் கோப்பு திறந்தபடி கிடக்கும். முன் சொன்ன சி ஷார்ப் கோளாறில் தாய் விடுபட்டது. இதில் பிள்ளை விடுபடுகிறது. சி++ வட்டாரத்தில் இதற்கு நன்கு ஊறிய விதி ஒன்று உண்டு: தாய் கிளாஸின் அழிப்பி பொதுவில் இருந்தால் விர்ச்சுவலாக இருக்கட்டும், இல்லையேல் காக்கப்பட்ட பகுதியில் விர்ச்சுவல் இல்லாமல் இருக்கட்டும். இரண்டாவது வழியில் தாய்ச் சுட்டி வழியாக வெளியிலிருந்து டெலீட் செய்யவே முடியாது, கம்பைலர் மறித்துவிடும். தரநிலை நூலகத்தின் வெக்டர், ஸ்ட்ரிங் கிளாஸ்களின் அழிப்பிகள் விர்ச்சுவல் அல்ல என்பதும் இந்த இடத்தில் நினைவில் இருக்க வேண்டும். அவற்றைத் தாயாக்கிப் பிள்ளை பெறுவது வேண்டாத வேலை.

டெல்ஃபியில் இதே நோய்க்கு இன்னொரு முகம். 1995இல் போர்லாண்ட் வெளியிட்ட அந்த மொழியில் ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டையும் 'ஃப்ரீ' என்ற மெத்தட் மூலம் விடுவிப்பார்கள். அது உள்ளே 'டெஸ்ட்ராய்' என்ற விர்ச்சுவல் அழிப்பியைக் கூப்பிடும். பிள்ளை கிளாஸில் 'டெஸ்ட்ராய்' எழுதிவிட்டு, பக்கத்தில் 'ஓவர்ரைடு' என்ற சொல்லைச் சேர்க்க மறந்தால், கம்பைலர் எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு விட்டுவிடும். நிரல் ஓடும். ஆனால் 'ஃப்ரீ' பழைய டெஸ்ட்ராயைத்தான் கண்டுபிடிக்கும். அக்கறையாக எழுதிய புதியது ஒருபோதும் ஓடாது. எச்சரிக்கை வரிகளைப் படிக்காமல் தள்ளும் வழக்கம் எவ்வளவு விலை பிடிக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. டெல்ஃபியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் பின்னர் மைக்ரோசாஃப்ட் சென்று சி ஷார்ப்பையும் வடிவமைத்தார். அங்கும் ஓவர்ரைடு என்று எழுதாமல் தாயின் விர்ச்சுவல் மெத்தட் பெயரிலேயே இன்னொன்றை எழுதினால் கிடைப்பது எச்சரிக்கைதான், பிழை அல்ல.

ஆண்ட்ராய்டு இவை எல்லாவற்றையும்விடக் கண்டிப்பானது. ஆக்டிவிட்டி கிளாஸின் 'ஆன்டெஸ்ட்ராய்' மெத்தட்டை ஓவர்ரைடு செய்து தாயைக் கூப்பிடாமல் விட்டால், செயலி அந்த இடத்திலேயே விழுந்துவிடும். தாயைக் கூப்பிடவில்லை என்று பிழைச் செய்தியும் நேராகச் சொல்லும். அதன் உட்புற ஏற்பாடு எளிமையானது. மெத்தட்டைக் கூப்பிடும் முன் ஒரு கொடி இறக்கி வைக்கப்படுகிறது. தாயின் மெத்தட் ஓடினால் கொடி ஏறும். திரும்பி வந்ததும் கொடியைப் பார்த்து, ஏறாமல் இருந்தால் நிரலை நிறுத்துகிறார்கள். சொந்தமாகத் தாய் கிளாஸ் எழுதுபவர்கள் கடன் வாங்க வேண்டிய உத்தி இது. என்றோ ஒருநாள் கடையில் வெளிப்படும் கோளாறை முதல் ஓட்டத்திலேயே இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

தாயைக் கூப்பிட வேண்டும் என்பது தெளிவானபின் வரும் கேள்வி, எப்போது என்பது. பிள்ளையின் வேலை முதலில், தாயின் வேலை கடைசியில். பிள்ளை மூடும்போது தாயின் உதவி அதற்குத் தேவைப்படலாம். 'பட்டுத் தராசு' விடைபெறும் முன் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் கட்டளையை அனுப்புகிறது என்றால், அந்தக் கட்டளை போக போர்ட் திறந்திருக்க வேண்டும். தாயை முதலில் கூப்பிட்டுவிட்டால் மூடிய போர்ட்டில் எழுத முயன்று நிரல் விழும். தொடங்கும்போது தாய் முந்தி, முடிக்கும்போது பிள்ளை முந்தி.

அடுத்தது, பிள்ளையின் வேலை நடுவில் முறிந்தால்? வட்டு நிறைந்து கோப்பின் கடைசி வரியை எழுத முடியவில்லை, விதிவிலக்கு எறியப்படுகிறது, தாயைக் கூப்பிடும் வரி அதற்குக் கீழே இருப்பதால் அது ஓடவே இல்லை. வரியை எழுதியிருந்தும் போர்ட் மூடப்படவில்லை. ஆகவே தாயின் அழைப்பு, எது நடந்தாலும் ஓடும் பகுதிக்குள் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் வடிவம் இப்படி இருக்கும்:

பட்டுத் தராசு, மூடு:
    முன்பே மூடியிருந்தால் திரும்பு
    மூடியதாகக் குறி
    முயல்:
        தராசைப் பூஜ்யமாக்கு
        பதிவுக் கோப்பை மூடு
    எதுவானாலும் கடைசியில்:
        தாயின் மூடு

முதல் இரண்டு வரிகள் அலங்காரம் இல்லை. மூடும் மெத்தட் இரண்டு முறை கூப்பிடப்படுவது சாதாரணம்: ஜன்னல் மூடும்போது ஒரு முறை, நிரல் முடியும்போது ஒரு முறை. சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டில் டிஸ்போஸை எத்தனை முறை கூப்பிட்டாலும் வம்பு வரக் கூடாது என்பது ஒப்பந்தம். ஜாவாவின் குளோசபிள் இடைமுகமும் இதையே கட்டாயமாக்குகிறது. மேலே உள்ள வடிவத்திலும் ஒரு சந்து இருக்கிறது. பூஜ்யமாக்கும் வரி முறிந்தால் கோப்பு மூடப்படாது. இரண்டும் முக்கியம் என்றால் உள்ளே இன்னொரு முயல் தேவை.

டாட்நெட்டில் பழகியவர்கள் டிஸ்போஸ் இரண்டு உருவில் வருவதைக் கண்டிருப்பார்கள்: ஒன்று வெளியார் கூப்பிடுவது, இன்னொன்று ஆம்-இல்லை மதிப்பு ஒன்றை வாங்கும் விர்ச்சுவல் மெத்தட். பிள்ளை தொட வேண்டியது இரண்டாவதை மட்டும். மதிப்பு 'ஆம்' என்றால் நிரல் தானே மூடுகிறது. 'இல்லை' என்றால் குப்பை சேகரிப்பான் வழியாக ஃபைனலைசர் வந்திருக்கிறது. 'இல்லை' என்னும்போது மற்ற ஆப்ஜெக்ட்களைத் தொடக் கூடாது; அவை முன்பே முடிக்கப்பட்டிருக்கலாம். இதன் சரியான எடுத்துக்காட்டு விண்டோஸ் ஃபார்ம்ஸில் வேலை செய்த ஒவ்வொருவரின் கணினியிலும் இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ ஒவ்வொரு ஃபார்முக்கும் தானே உருவாக்கும் டிசைனர் கோப்பைத் திறந்தால், உறுப்புகளை மூடிவிட்டுக் கடைசி வரியில் 'பேஸ்' வழியாகத் தாயின் டிஸ்போஸைக் கூப்பிடும் மெத்தட் தென்படும். அந்தக் கோப்பைத் தொடாதே என்று சொல்லிக்கொடுக்கப்பட்டதால் பலர் அதைப் படித்ததே இல்லை.

அழகான அமைப்பு என்று இந்த இரட்டை டிஸ்போஸைச் சொல்ல முடியாது. இரண்டு காலத்து வேலையை ஒரே மெத்தட்டில் திணித்த வடிவம் அது. நல்ல வேளையாக 2005இல் டாட்நெட் 2.0 கொண்டுவந்த சேஃப்ஹேண்டில் கிளாஸ், இயங்குதளத்தின் கைப்பிடிகளைத் தானே பொறுப்பாக வைத்துக்கொள்கிறது. அதைப் பயன்படுத்தினால் சொந்தமாக ஃபைனலைசர் எழுதும் தேவை அநேகமாக வராது. ஜாவா உலகம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 'ஃபைனலைஸ்' மெத்தட் 2017இல் ஜாவா 9இல் கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டது. 2022இல் ஜாவா 18, அந்த ஏற்பாட்டையே பின்னாளில் நீக்கப்போவதாக அறிவித்தது. புதிதாக எழுதுபவர் ஃபைனலைஸை ஓவர்ரைடு செய்யக் கற்பதில் பொருளில்லை. 2011இல் ஜாவா 7 தந்த முயல்-வளம் (ட்ரை-வித்-ரிசோர்சஸ்) அமைப்பும் ஆட்டோகுளோசபிளும் போதும்.

ஃபைனலைசர் வந்து காப்பாற்றும் என்று நம்ப முடியாததற்குப் பதிவுக் கோப்பே சாட்சி. டாட்நெட்டின் ஸ்ட்ரீம்ரைட்டர் எழுத்துகளை முதலில் தன் இடைநினைவகத்தில் சேர்த்து வைக்கும். டிஸ்போஸ் கூப்பிடாமல் விட்டால் அதில் தங்கிய கடைசி வரிகள் கோப்புக்குப் போகாது. ஸ்ட்ரீம்ரைட்டருக்கு ஃபைனலைசர் கிடையாது. இடையில் 'ஃப்ளஷ்' செய்யாவிட்டால் அந்த வரிகள் போனதுதான். சாயங்காலம் எடை போட்ட இரண்டு புடவைகள் கணக்கில் இல்லை என்றால் அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எதை மூடுவது என்பதைப் போலவே, எதை மூடக் கூடாது என்பதும் உண்டு. முதலாளி தந்த பட்டில் மிஞ்சியதை நெசவாளர் எடை போட்டுத் திருப்புகிறார். தறி அவருடையது, அது வீட்டிலேயே நிற்கும். ஆப்ஜெக்ட்களிலும் உடைமை இப்படித்தான் பிரிகிறது. 'தராசு' கிளாஸ் போர்ட்டைத் தானே திறந்திருந்தால் தானே மூட வேண்டும். வெளியிலிருந்து ஆக்கிக்குள் யாரோ தந்த போர்ட் என்றால் அதை மூடும் உரிமை தந்தவருக்கே. இரண்டும் நடக்கலாம் என்றால் ஆக்கியிலேயே அதைக் கேட்டு வாங்க வேண்டும். டாட்நெட்டின் ஸ்ட்ரீம்ரைட்டர், ஸ்ட்ரீம்ரீடர் ஆக்கிகளில், கீழே உள்ள ஓடையைத் திறந்தபடி விடவா என்று கேட்கும் அளவுரு இதற்காகவே இருக்கிறது.

இதுவரை சுமை முழுக்கப் பிள்ளையை எழுதுபவர் தலையில் இருந்தது. அதைத் தாயை எழுதுபவர் இறக்கி வைக்கலாம். வெளியார் கூப்பிடும் 'மூடு' மெத்தட்டை ஓவர்ரைடு செய்ய முடியாததாக ஆக்கிவிட்டு, உள்ளே 'பிள்ளையின் மூடும் வேலை' என்ற வெற்று விர்ச்சுவல் மெத்தட் ஒன்றை வைப்பது ஒரு வழி. 'மூடு' முதலில் அதைக் கூப்பிடும், பிறகு எது நடந்தாலும் போர்ட்டை மூடும். பிள்ளையை எழுதுபவர் தாயைக் கூப்பிட மறக்க வழியே இல்லை. பேரப்பிள்ளை கிளாஸ் வந்தால் மட்டும் நடுத்தலைமுறையில் அதே சிக்கல் திரும்பும். இரண்டு தலைமுறைக்கு மேல் போகும் மரபுரிமத்தில் வளங்களை வைப்பதே சரிதானா என்று அந்த நேரத்தில் யோசிப்பது நல்லது. பதிவுக் கோப்பை எழுதும் கிளாஸ் தராசுக்குப் பிள்ளையாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? தராசு ஒரு புலம், கோப்பு ஒரு புலம் என்று இரண்டையும் வைத்திருக்கும் தனி கிளாஸ் போதும். இந்த நிரலுக்கு அந்த வழியே மேல்.

இருக்கும் நிரலைத் திருத்துபவருக்குச் சோதனைதான் கைவிளக்கு. டாட்நெட்டில் சிஏ 2215 என்ற பகுப்பாய்வு விதியை இயக்கினால், தாயின் டிஸ்போஸைக் கூப்பிடாத ஓவர்ரைடுகளைக் கருவியே சுட்டிக்காட்டும். சி++ என்றால் ஜிசிசி கம்பைலரில் விர்ச்சுவல் அல்லாத அழிப்பிகளுக்கான எச்சரிக்கையை இயக்கி, எச்சரிக்கைகளைப் பிழையாகவே கருதச் சொல்லலாம்.

கருவிக்குப் பின் கையால். உண்மையான தராசு வேண்டாம். திறப்பையும் மூடலையும் எண்ணும் போலி போர்ட் ஒன்று போதும். 'பட்டுத் தராசு' ஆப்ஜெக்ட்டை 2000 முறை உருவாக்கி மூடும் சுழற்சி ஒன்றை ஓட்டி, திறப்பும் மூடலும் சமமா என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் ஒரு செயல்முறை ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் கோப்புகளுக்கு வழக்கமான வரம்பு 1024; அந்த வரம்பு உயர்த்தப்படாத நிலையில் உண்மைக் கோப்புகளோடு ஓட்டினால், கசிவு இருந்து குப்பை சேகரிப்பான் குறுக்கே வராவிட்டால், 2000 சுற்று முடியும் முன்பே நிரல் நின்றுவிடக்கூடும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் ஹேண்டில்ஸ் நெடுவரிசையைக் காட்டும்படி வைத்தால் எண் ஏறிக்கொண்டே போவது தெரியும்.

பிறகு முறிவுகளைத் திட்டமிட்டே உண்டாக்க வேண்டும். கோப்பை மூடும் வரியில் வேண்டுமென்றே விதிவிலக்கு எறியச் செய்து, போர்ட் மூடப்பட்டதா என்று பார்ப்பது ஒன்று. மூடும் மெத்தட்டை அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிடுவது இன்னொன்று. அதிகம் பேர் விட்டுவிடுவது, பாதி கட்டிய ஆப்ஜெக்ட். தாயின் ஆக்கி போர்ட்டைத் திறந்துவிட்டது. பிள்ளையின் ஆக்கி கோப்பைத் திறக்க முடியாமல் விழுகிறது. சி++ மொழியில் கட்டி முடிந்த தாய்ப் பகுதிக்கு அழிப்பி ஓடிவிடும். சி ஷார்ப்பில் ஆப்ஜெக்ட் மாறியின் கைக்கே வராததால் வழக்கமாக முடிவில் தானே மூடிவிடும் 'யூசிங்' பகுதியும் டிஸ்போஸைக் கூப்பிடாது, போர்ட் மாட்டிக்கொள்ளும். பிள்ளையின் ஆக்கி அந்த விதிவிலக்கைப் பிடித்து, டிஸ்போஸைத் தானே கூப்பிட்டு, பிறகு மறுபடி எறிய வேண்டும். அப்போது டிஸ்போஸ் ஓடும் நேரத்தில் கோப்புப் புலம் காலியாக இருக்கும் என்பதால், மூடும் முன் அது இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு நிபந்தனையும் அங்கே தேவை.